ஆலையும் ஆணையும்

பொழுது புலருமுன்பே நம் குடியிருப்பு வீடுகளில் விளக்கெரிகிறது. ஒரு வீட்டில் தந்தை ஆலைக்குப் புறப்படுகிறார். அடுத்த வீட்டில் அண்ணன் பணிமனைக்குச் செல்கிறான். எதிர்வீட்டுத் தங்கை மருந்துத் தொழிற்சாலையின் முதல் முறைக்கு விரைகிறாள். சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பும் தாய்மார், சென்றவர் மாலையில் முழு உடலோடு திரும்புவர் என்பதில் ஐயம் கொள்வதில்லை. இந்த நம்பிக்கை நமக்கு எவ்வாறு வந்தது? தானாக வந்ததன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலமாக, மன்றங்களிலும் தெருக்களிலும் பலர் வாதாடிப் பெற்றுத் தந்தது அது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி நாம் வாழும் இம்மும்பை மாநகரிலேயே நிகழ்ந்தது. ஆயினும் நம்மில் பலர் அதனை அறியோம். ஆகவே, இவ்வாண்டு மலரில் அதனைச் சுருக்கமாக எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

முதல் ஆலைகள்

1854ஆம் ஆண்டு கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சிப் பெருவணிகர் பம்பாயில் பஞ்சாலை ஒன்றை நிறுவ முனைந்தார். இரண்டாண்டுகளில் அதன் கதிர்கள் சுழலத் தொடங்கின. அடுத்த இருபது ஆண்டுகளில் பரேல், பைகுலாப் பகுதிகளில் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் உழவர் குடிகள் ஊர்விட்டு வந்து ஆலைகளிற் சேர்ந்தனர்.

அந்நாளில் ஆலைக்குக் கடிகாரம் சூரியனே. விடியும்போது வேலை தொடங்கும், இருட்டும்போது முடியும். கோடையில் பகல் நீண்டால் வேலையும் நீளும். வாராந்தர ஓய்வு இல்லை. பண்டிகை நாட்களில் மட்டும் ஆலை நிற்கும். ஏழெட்டு வயதுச் சிறுவர்களும் கதிர்களுக்கிடையே ஓடி அறுந்த நூலை முடிந்தனர். சக்கரத்துக்கும் தோல்வாருக்கும் தடுப்பு வேலி கிடையாது. பஞ்சுத் தூசியை நாளெல்லாம் உட்கொண்ட நுரையீரல்கள் நாளடைவில் மூச்சுவிட மறுத்தன. வேலையிற் கை போனால் அது அவன் விதி என்றனர். ஆலையின் பொறுப்பு என்று எவரும் சொல்லவில்லை.

இந்நிலையை மாற்றச் சட்டம் வேண்டும் என்ற குரல் முதலில் எங்கிருந்து எழுந்தது என்பதே வியப்புக்குரியது. அது இங்கிலாந்திலிருந்து எழுந்தது. தம் நாட்டில் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தப் பாடுபட்ட ஷாப்ட்ஸ்பரி பிரபு, 1875இல் இந்திய ஆலைகளின் நிலையைப் பிரபுக்கள் சபையில் எடுத்துரைத்தார். அவருடைய நெஞ்சில் இரக்கம் இருந்தது உண்மை. ஆனால், அவருக்குப் பின்னே நின்ற லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெஞ்சில் இருந்தது வேறு. பம்பாய் நூல் மலிவாக விற்பதைக் கண்டு அவர்கள் அஞ்சினர். இந்திய ஆலைகளின் வேலை நேரம் குறைந்தால் தம் வாணிபம் பிழைக்கும் என்று கணக்கிட்டனர்.

இதனால் ஒரு விபரீதம் விளைந்தது. நம் தேசியப் பத்திரிகைகள் பல, இச்சட்டம் இந்தியத் தொழிலை நசுக்கும் சூழ்ச்சி என்று எதிர்த்தன. அவர்களுடைய ஐயத்தில் நியாயம் இருந்தது; ஆனால், அந்த நியாயத்துக்கிடையே கதிர்களுக்கு நடுவே ஓடிய சிறுவன் மறக்கப்பட்டான். அவனை மறவாதவர் சோராப்ஜி ஷாப்பூர்ஜி பெங்காலி என்னும் பார்சிப் பெரியார். 1878இல் அவர் சட்ட முன்வரைவு ஒன்றைத் தாமே ஆக்கினார். தம் இனத்தாரும் நண்பரும் ஆலை முதலாளிகளாய் இருந்த நகரில் இவ்வாறு செய்தற்குத் துணிவு வேண்டும். சொல்பவரின் உள்நோக்கம் யாதாயினும், சொல்லப்பட்ட துன்பம் உண்மையா என்று பார்த்தவர் அவர்.

முதற் சட்டம்

ரிப்பன் பிரபு வைசிராயாக இருந்தபோது, 1881இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. இன்று அதனைப் படிப்பவர் அதன் சிறுமையைக் கண்டு வியப்பர். நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், இயந்திர விசையால் இயங்கும் ஆலைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஏழு வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைத்தல் ஆகாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை செய்தல் ஆகாது. அவர்கட்கு மாதத்துக்கு நான்கு நாள் விடுமுறை உண்டு. ஆபத்தான இயந்திரங்களைச் சுற்றி வேலி அமைத்தல் வேண்டும். இவ்வளவே. வளர்ந்த ஆணுக்கோ பெண்ணுக்கோ வேலை நேர வரம்பு எதுவும் அதில் இல்லை. ஏழு வயதுக் குழந்தையை ஒன்பது மணி நேரம் வேலை வாங்குவதற்குச் சட்டமே இசைவு தந்தது என்றும் இதனைச் சொல்லலாம். ஆயினும், ஆலையின் கதவுக்குள் அரசின் ஆணை நுழையலாம் என்ற கோட்பாடு அன்றுதான் நிலைபெற்றது.

சட்டத்தின் குறையை எடுத்துரைக்கத் தொழிலாளரிடையிலிருந்தே ஒருவர் எழுந்தார். அவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மகாத்மா ஜோதிராவ் புலேயின் வழி நின்றவர். 'தீனபந்து' இதழை நடத்தியவர். இவர் சிறிது காலம் பம்பாய் ஆலையொன்றில் பண்டகசாலைக் காப்பாளராக இருந்தார். சரக்குக் கணக்கைப் பேரேட்டில் எழுதும் வேலை அவருடையது. ஆனால், ஏட்டின்மேல் கண்ணை வைத்துக்கொண்டே, எதிரில் நடமாடிய மனிதரையும் அவர் பார்த்தார்.

1884இல் லோகண்டே கூட்டிய கூட்டங்களில் ஆலைத் தொழிலாளர் திரண்டனர். ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரைமணி ஓய்வு, காலை ஆறரை மணி முதல் கதிரவன் மறையும் வரை மட்டுமே வேலை, மாதத்தின் பதினைந்தாம் நாளுக்குள் ஊதியம், வேலையில் காயமுற்றோர்க்கு உதவி என்பன அவர்கள் கேட்டவை. 5,500 பேர் ஒப்பமும் கைந்நாட்டும் இட்ட விண்ணப்பம் அரசு அமைத்த குழுவினிடம் சென்றது. 1890 ஏப்ரலில் மகாலட்சுமிக் குதிரைப் பந்தயத் திடலில் ஏறத்தாழப் பதினாயிரவர் கூடினர். பெண் தொழிலாளர் இருவர் மேடையேறிப் பேசினர். அவ்வாண்டு ஜூன் திங்களில் ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறையை ஒப்புக்கொண்டது. இன்று நாம் ஞாயிறன்று கோயிலுக்குச் செல்கின்றோம். சங்கக் கூட்டத்துக்கு வருகின்றோம். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கின்றோம். அந்த ஞாயிற்றுக்கிழமை இவ்வூர் மராத்தித் தொழிலாளர் நமக்கு ஈட்டித் தந்த செல்வம் என்பதை நம் பிள்ளைகட்குச் சொல்லுதல் வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1891இல், சட்டம் திருத்தப்பட்டது. ஐம்பது பேர் உள்ள ஆலைக்கும் அது விரிந்தது. குழந்தைகளின் குறைந்த வயது ஒன்பதாக உயர்ந்தது. பெண்களின் வேலை நேரம் பதினொரு மணி என வரையறுக்கப்பட்டது. வாரம் ஒருநாள் ஓய்வு சட்டமாயிற்று.

தென்னாட்டின் குரல்

ஆனால், சட்டத்தில் எழுதியது எல்லாம் ஆலையில் நடந்ததா? இதற்கு நம் தூத்துக்குடியே விடை கூறும். வார ஓய்வு சட்டமாகிப் பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்பு, 1908 பிப்ரவரியில், அங்குள்ள கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கட்குத் தலைமை தாங்கி ஊக்கமளித்தவர் வ. உ. சிதம்பரனார். ஊதிய உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று வார விடுமுறை! ஏட்டில் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவர அவர்கள் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேறு யாது?

இதே காலத்தில் மின்விளக்கு ஆலைகளுக்குள் வந்துவிட்டது. அறிவியலின் அந்த நன்கொடை தொழிலாளிக்குத் தீங்காய் முடிந்தது. இருள் வந்தால் வேலை நிற்கும் என்ற இயற்கையின் வரம்பும் அகன்றது; பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஆலைகள் ஓடின. அரசு 1907இல் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதில் இடம்பெற்றவருள் ஒருவர் சென்னை மருத்துவர் டி. எம். நாயர், பின்னாளில் நீதிக்கட்சியை நிறுவியவருள் ஒருவராகப் புகழ்பெற்றவர். வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தில் சட்டம் நேராகத் தலையிடுதல் ஆகாது என்றே குழுவின் பெரும்பான்மையோர் கருதினர். நாயர் உடன்படவில்லை. தம் மாறுபட்ட கருத்தைத் தனிக்குறிப்பாக எழுதி, ஆண்களுக்கும் வரம்பு வேண்டும் என்று வலியுறுத்தினார். உடல் எவ்வளவு தாங்கும் என்பதை மருத்துவர் அன்றோ அறிவார்! 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலையைப் பன்னிரண்டு மணிக்குள் அடக்கியபோது, தனித்து நின்றவர் சொல் ஓரளவு வென்றது.

1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைநின்றவர். பின்னி ஆலைத் தொழிலாளரின் குறைகளுள் முதன்மையாக நின்றது உணவு இடைவேளையின் குறுக்கமே. அள்ளிய சோற்றை மென்று விழுங்கவும் நேரமில்லை என்பது கேட்பதற்குச் சிறிய குறை. நாள்தோறும் அதனைத் தாங்குவார்க்குப் பெரிய துன்பம். உடல்நலம் காக்கும் சட்டம் பெரிய இயந்திரங்களைப் பற்றியது மட்டுமன்று. உண்பதற்கும் நீர் அருந்துவதற்கும் உள்ள உரிமையும் அதில் அடங்கும்.

விரியும் வேலி

முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தோன்றியபோது இந்தியாவும் அதன் முதல் உறுப்பினருள் ஒன்றாயிற்று. அதன் விளைவாக 1922இல் வாரத்துக்கு அறுபது மணி என்ற வரம்பு வந்தது. குழந்தைகளின் குறைந்த வயது பன்னிரண்டாயிற்று. 1923இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. கை போனால் விதி என்ற பழஞ்சொல் அன்றோடு சட்டப்படி மாண்டது. கைக்கும் காலுக்கும் உயிருக்கும் முதலாளி பொறுப்பாளியானார். 1929இல் விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் ஆணையத்தில் நம் வீ. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் உறுப்பினர். அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1934ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழில்துறை உறுப்பினராய் இருந்த காலத்தில் வகுக்கப்பட்ட திருத்தம் 1946இல் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்ற நிலையை நாட்டியது.

இதற்கிடையே, விதி ஒன்றைக் கைவிட்டால் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதை இந்நகரம் கண்ணாரக் கண்டது. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் விக்டோரியாத் துறையில் 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் நின்றது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள். உடன் கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள். பஞ்சையும் மருந்தையும் ஒரே கப்பலில் அடுக்கினர். ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் செங்கொடியும் ஏற்றப்படவில்லை. போர்க்கால அவசரம் என்றனர். நண்பகலுக்குப் பின் புகை தோன்றியது. மாலை நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு முதல் வெடிப்பும், அரைமணிக்குள் அதனினும் பெரிய இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தன. எண்ணூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர்; தீயை அணைக்கச் சென்ற வீரர் 66 பேர் அவருள் அடங்குவர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாளைத் தீயணைப்புப் பணி நாளாக நாடு போற்றுவது அவர்கள் நினைவாகவே.

சுதந்திர இந்தியா இயற்றிய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1949 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விசையுடன் பத்துப் பேர், விசையின்றி இருபது பேர் உழைக்கும் இடமெல்லாம் அதன் நிழலில் வந்தன. அதன் பிரிவுகளைப் படிப்பவர்க்கு ஒரு குடும்பத் தலைவியின் கவனம் அதில் தெரியும். தரையைக் கழுவுதல், காற்றோட்டம், வெளிச்சம், எச்சிற்கலம், கழிப்பிடம், குடிநீர், குழந்தைகட்குக் காப்பகம், உணவுச்சாலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி உண்டு. நச்சுக்காற்றுள்ள தொட்டிக்குள் இறங்குவோன் சுவாசக்கருவி அணிந்து, இடையிற் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருத்தல் வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அந்தக் கயிற்றை நாம் மறத்தல் ஆகாது. சட்டம் என்பதே அத்தகைய கயிறுதான். உள்ளே இறங்கியவனுடைய உயிர், வெளியே நிற்பவனின் பிடியில் இருக்கிறது.

கயிற்றைப் பிடித்திருப்பவர்

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு கடந்து போபாலில் அப்பிடி நழுவியது. பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையின் தொட்டியிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்னும் நச்சுக்காற்று ஊருக்குள் பரவியது. ஆலையிற் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இல்லை. தொட்டியைக் குளிர்விக்கும் கருவி இருந்தது. மாதக்கணக்கில் அது நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் காற்றை எரிக்கும் கோபுரம் இருந்தது; அதன் குழாய் இணைக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், உயிரோடு எஞ்சியவர் பலர் கண்ணையும் நுரையீரலையும் இழந்து வாழ்ந்தனர். 1987இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழிலின் இயல்பைத் தொழிலாளர்க்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்றும், பெருந்தீங்கு நெருங்குவதாக நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதனை எடுத்துரைக்க உரிமையுடையவன் என்றும் அத்திருத்தம் கூறியது. கண்கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரந்தான். ஆயினும் அடுத்தவர் கண்ணையேனும் அது காக்கும்.

இங்கு நம்மைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இந்நகர்த் தமிழர் எல்லோரும் இயந்திரத்தின் முன் நிற்பவர் அல்லர். கணக்கர்களாக, தட்டெழுத்தாளர்களாக, பொறியாளர்களாக, மேற்பார்வையாளர்களாகப் பெயர்பெற்றவர் நம்மில் மிகுதி. சட்டம் கேட்கும் பதிவேடுகளை எழுதுவதும் அவற்றில் ஒப்பமிடுவதும் பெரும்பாலும் நம் கைகளே. பாரம் தூக்கும் சங்கிலியைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுடையார் சோதித்துப் பதிவேட்டில் குறிக்கவேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. இளமையில் நாம் பணிபுரிந்த ஓரிடத்தில், மேற்பார்வை அதிகாரி வருகிறார் என்ற செய்தி கேட்டு, மூன்றாண்டுப் பக்கங்களை ஒரே மாலையில், ஒரே மையில் எழுதி முடித்தோம். 'யாவும் நன்னிலையில் உள்ளன' என்று அழகிய கையெழுத்தில் எழுதியது நம் கைதான். சங்கிலியைச் சென்று பார்க்கவில்லை. அதிகாரி ஏட்டைப் பாராட்டிச் சென்றார். சில மாதங்களுக்குப் பின் அச்சங்கிலிகளுள் ஒன்று அறுந்தது. கீழே நின்ற ஒடியத் தொழிலாளியின் பாதம் நசுங்கியது. பாரம் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் அவன் பிழைத்திருக்க மாட்டான். அவன் நம்மைக் குறை கூறவில்லை. அந்த ஏடு இருப்பதே அவனுக்குத் தெரியாது. அன்றுமுதல், பார்க்காத பொருளுக்கு ஒப்பமிடுவதில்லை என்ற நோன்பை மேற்கொண்டோம். அந்நோன்பால் அவன் பாதம் நேராகவில்லை.

எழுதப்பட்ட சட்டத்துக்கும் நடக்கும் செயலுக்கும் இடையே உள்ள தொலைவு பெரும்பாலும் ஒரு மேசையின் அகலமே. அந்த மேசையின்முன் அமர்ந்திருப்பவர் நம்மில் ஒருவராய் இருத்தல் கூடும். லோகண்டேயும் பேரேடு எழுதியவரே என்பதை இங்கு நினைவுகூர்வது தகும்.

இன்றைய நிலை

இன்று பரேலின் புகைபோக்கிகள் மறைந்துவிட்டன. 1982இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவ்விடங்களில் அங்காடிகளும் மாடமாளிகைகளும் நிற்கின்றன. சட்டமும் மாறியுள்ளது. தொழிற்சாலைச் சட்டம், சுரங்கச் சட்டம் உள்ளிட்ட பதின்மூன்று மையச் சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நியமனக் கடிதம் தரவேண்டும் என்பதும், வரையறுத்த வகையினர்க்கு ஆண்டுதோறும் கட்டணமின்றி மருத்துவச் சோதனை வேண்டும் என்பதும் அதன் நல்ல கூறுகள். அதேசமயம், தொழிற்சாலை என்ற பெயருக்குரிய எண்ணிக்கை, விசையுடன் பத்திலிருந்து இருபதாகவும், விசையின்றி இருபதிலிருந்து நாற்பதாகவும் உயர்ந்துள்ளது. தாராவியில் நம்மவர் நடத்தும் தோல் பட்டறை, தையற்கூடம் போன்ற சிறு தொழிலிடங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு பேர் உழைக்கும் இடம் அன்றும் பெரும்பாலும் சட்டத்தின் வேலிக்கு வெளியேதான் நின்றது, இன்றும் அவ்வாறே. அங்கே முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊர்க்காரராய், உறவினராயும் இருப்பர். அதிகாரி வாராத அவ்விடத்தில் அறம் ஒன்றே ஆணை.

மற்றொன்று: சட்டத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், தொழிலாளருட் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் ஆலையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. பெரும்பான்மையோர் மொழி! நேற்று நெல்லையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்திறங்கிய நம் பிள்ளைக்கு அது புரியுமா? செந்நிற எழுத்தில் அபாயம் என்று எழுதியிருப்பினும் அவனுக்கு அது வெறும் கோடுகளே. ஒடியத் தொழிலாளிக்கு நம் ஆலை ஏடு எப்படியோ, அப்படி.

இங்கே நம் சங்கம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. ஞாயிறு மாலைகளில் ஒருமணி நேரம், புதிதாய் வந்த இளைஞர்க்கு இவ்வூர் மொழியைப் படிக்கக் கற்பிப்போம். அவரவர் பணியிடத்து அறிவிப்புப் பலகையில் இருப்பதை எழுதி வரச் சொல்லி, தமிழில் விளக்குவோம். பொறியாளரும் கணக்கரும் மருத்துவரும் நம் சங்கத்தில் உள்ளனர், ஆசிரியர்க்குப் பஞ்சமில்லை. அண்டை வீட்டு மராத்திய நண்பர்கள் இதில் நமக்குத் துணைவருவர் என்பது உறுதி; லோகண்டேயின் வழிவந்தோர் அவர்கள் அன்றோ!

பெங்காலி என்னும் பார்சி, லோகண்டே என்னும் மராத்தியர், நாயர் என்னும் மலையாளி, சிதம்பரனார் என்னும் தமிழர் எனப் பலர் கைகோத்து முறுக்கிய கயிறு இது. அதன் ஒரு முனை இன்று நம் கையில் இருக்கிறது. மறுமுனையில் யாருடைய பிள்ளையோ தொட்டிக்குள் இறங்குகிறான். பிடியை நழுவ விடாதிருப்போமாக!

உழைப்போர் நலம் ஓங்குக! நம் சங்கம் வளர்க!